பூஞ்சணத்துக்குச் சிகிச்சை

ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்லில் பொறித்துவைத்த தானக் கணக்கை, ஆயிரம் வருஷம் கழிந்த பின்னும், எந்த யந்திரத்தின் தயவுமின்றி வெறுங்கண்ணால் பார்க்கலாம். ஓலைச் சுவடியோ, எழுத்து மங்கினால் கொஞ்சம் விளக்குக் கரியும் எலுமிச்சம்புல் தைலமும் கண்டதும் பிரசன்னமாகிவிடும். ஆனால், காகிதம் அநாகரிகமென்று கருதி, குத்தகை நெல் கணக்கு முதல் பேரனின் ஜாதகம் வரை சகலத்தையும் 1.44 மெகாபைட் பிளாப்பியில் சாசுவதமாக்கிய 1990களின் மகானுபாவர்களுடைய சிருஷ்டிகள் மட்டும், காவிரிக்கரை அடைமழையின் ஈரத்தில் பூஞ்சணம் பூத்து, பீரோவில் யோகநித்திரை கொண்டிருக்கின்றன.

சிகிச்சை இல்லாமலில்லை. உலோகக் கதவை விலக்கி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால், இரும்பு ஆக்ஸைடுப் பூச்சு உரிந்துவிடாதபடி, வட்டைச் சுழற்றிச் சுழற்றி இருபுறமும் மெல்லத் துடைத்து, முற்றும் உலர்ந்த பிறகே டிரைவில் இடவேண்டும்; அவசரப்பட்டு அழுக்கோடு இட்டாலோ, அது டிரைவின் தலையில் ஒட்டிக்கொண்டு, அடுத்து வரும் உத்தம வட்டையும் கீறிவிடும். (சகவாச தோஷம் யந்திரத்தையும் விடுவதில்லை.) சோனி கம்பெனியாரே 2011இல் கைகழுவிய வஸ்துவுக்கு இத்தனை சுச்ரூஷை!

எல்லாம் பலித்துக் கோப்பு திறந்தாலும், 1999ஆம் வருஷத்துச் சென்னைத் தமிழ் இணைய மாநாடு டாம், டாப் என்று எழுத்துக் குறியாக்கத்துக்கு ஒழுங்கு சொல்வதற்கு முன், ஆளுக்கொரு எழுத்துரு ஆண்ட காலத்துச் சரக்காதலால், தமிழுக்குப் பதில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளே திரையில் தாண்டவமாடும். உரிய எழுத்துரு அகப்பட்டால் க்ஷணத்தில் தெளிந்துவிடும். அது பெரும்பாலும் இன்னொரு பிளாப்பியில் இருக்கும், அதையும் துடைத்தாகவேண்டும்.