எக்காற்றும் எதிர்க்காற்றே

பழந்தமிழர் காற்றை நான்காகப் பகுத்தனர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல். கடலோடிக்கும் உழவருக்கும் போதுமான இந்தப் பகுப்பால், ஊர்ப்புறச் சாலையில் சைக்கிள் மிதிப்பவருக்கு எள்ளளவும் பயனில்லை. அவர் அறிந்த காற்று ஒன்றுதான், அது எதிரே வீசும். போகும்போது எதிரே வீசியது, திரும்பும்போது தானும் திரும்பிக்கொண்டு மறுபடி எதிரே வீசும் என்பது உடுமலைப் பக்கத்திலும் கயத்தாறு பக்கத்திலும் சைக்கிளில் போய்வருவோரின் நெடுநாள் வாக்குமூலம். சைக்கிள் மிதிக்காத அறிஞர்கள் இதைப் புலம்பல் என்று ஒதுக்கிவிட்டார்கள். அவ்வாறு ஒதுக்கியது முறையன்று என்பதும், வாக்குமூலம் பெரும்பாலும் மெய்யே என்பதும் இக்கட்டுரையின் துணிபு. ஆய்வெல்லை ஊர்ப்புறத் தார்ச்சாலை, ஒரு சைக்கிள், அதன்மேல் ஒருவர். நெடுஞ்சாலையில் லாரிகள் சொந்தமாகக் காற்று உற்பத்தி செய்வதால் அது விலக்கப்படுகிறது.

முதலில் களச்சான்று. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக் கணவாயில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியே நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்து பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, பல்லடம் என்று பரவுகிறது. தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் இதே கதைதான். அங்கே முப்பந்தலைச் சுற்றி வயலுக்கு வயல் காற்றாலைகள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்ற பழமொழியைச் சிலர் சான்றாகக் காட்டுவர். அம்மி பறந்ததாகப் பதிவு ஏதும் இல்லாததால் அதை நாம் ஏற்கவில்லை. பறந்திருந்தால் சைக்கிள்காரருக்கு எதிர்த்திசையில்தான் பறந்திருக்கும் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம். காற்றாலையின் சாட்சியமோ மறுக்க முடியாதது. அதன் இறக்கைகள் காற்றுக்கு முகம் கொடுத்தால்தான் மின்சாரம் வரும். அதற்காக உச்சியில் மோட்டார் வைத்துத் தலையையே காற்று வரும் திசைக்குத் திருப்புகிறார்கள். எதிர்க்காற்றைத் தேடிப்போக இவ்வளவு செலவு. சைக்கிளுக்கு அந்தச் செலவு இல்லை, அது எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்று தானே முன்னால் வந்து நிற்கும்.

அஃதெவ்வாறு? காற்றே இல்லாத நாளிலும் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரின் முகத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று அடிக்கிறது. அது அவரே உண்டாக்கிக்கொண்டது. இனி, பின்னாலிருந்து 10 கிலோமீட்டர் காற்று வீசுகிறது என்று கொள்வோம். அதன் தயவில் அவர் வேகம் 27 ஆகிறது. அப்போதும் முகத்தில் 17 கிலோமீட்டர் எதிர்க்காற்று மிச்சம். முதுகில் காற்று பட வேண்டுமானால் அது சைக்கிளைவிட வேகமாக வீச வேண்டும், அப்படிப்பட்ட நாளில் பெரும்பாலோர் வீட்டை விட்டே கிளம்புவதில்லை. ஆகவே பின்காற்று என்பது உணரப்படாத பொருள். உணரப்படாததால் அதன் புண்ணியம் காற்றுக்குப் போய்ச் சேராமல் ஓட்டியவரின் தொடைக்குப் போகிறது. அன்று மாலை ‘இன்னைக்குக் கால் நல்லா ஓடுச்சு’ என்பார். ஓட்டத்தைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியும் அந்த வேகத்தை அவர் பெயரிலேயே வரவு வைக்கும்.

அற்றேல், போகும்போது இழந்ததை வரும்போது மீட்டுக்கொள்ளலாமே, கணக்கு நேராகிவிடாதா எனின், ஆகாது. காற்றின் தடை வேகத்தோடு சமமாக ஏறுவதில்லை, வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. தரை உராய்வை விட்டுவிட்டு எளிய கணக்கு ஒன்று போடுவோம். 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டும், காற்றில்லாத நாளில் வேகம் 20, ஆக மொத்தம் 2 மணி நேரம். இப்போது அதே தெம்போடு மிதிக்கட்டும், சாலையோடு 10 கிலோமீட்டர் காற்று வீசட்டும். எதிர்க்காற்றில் வேகம் 14 ஆகக் குறைந்து, போக 86 நிமிடம் பிடிக்கிறது. பின்காற்றில் வேகம் 27 ஆகக் கூடி, வர 44 நிமிடம். மொத்தம் 130 நிமிடம். காற்று இருபக்கமும் சமமாகத்தான் வீசியது, ஆனாலும் 10 நிமிடத்தை விழுங்கிவிட்டது. அதைவிட முக்கியமானது, அந்த 130 நிமிடத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எதிர்க்காற்றில் கழிந்தது என்பது. சாலையைக் கிலோமீட்டரால் அளப்பவர் நெடுஞ்சாலைத் துறைக்காரர். மூச்சு வாங்குகிறவர் நிமிடத்தால் அளக்கிறார். அவர் அளவையில் எதிர்க்காற்று பின்காற்றைப்போல் இரண்டு மடங்கு. புலம்பல் என்று சொல்லப்பட்டது உண்மையில் ஒரு துல்லியமான அளவீடு.

இனிப் பக்கக்காற்று. இது நடுநிலை வகிக்கும், உதவவும் செய்யாது கெடுக்கவும் செய்யாது என்பது பொதுக்கருத்து. அதுவும் பிழை. 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரை 10 கிலோமீட்டர் காற்று செங்குத்தாகப் பக்கவாட்டில் தாக்கினால், முன்னே போவதற்கான தடை 12 விழுக்காடு அளவுக்குக் கூடுகிறது. காரணம் முன்சொன்ன இருமடி விதியே. சொந்தக் காற்றும் பக்கக்காற்றும் சேர்ந்து ஒரே காற்றாகி, இன்னும் வேகமாகச் சாய்வாக வந்து மோதுகின்றன. காற்று சற்றுப் பின்னாலிருந்து வந்தால்கூட முதல் சில பாகைகள்வரை கெடுதல்தான். கணக்கிட்டால், 360 பாகைச் சுற்றில் 194 பாகை நமக்கு எதிரி, 166 பாகையே துணை. காற்றின் வேகம் சைக்கிளின் வேகத்தை எட்டினால் எதிரியின் பங்கு 204 ஆகிறது. எதிர்க்கட்சிக்கே எந்நாளும் பெரும்பான்மை உள்ள அவை உலகில் இது ஒன்றுதான். நம் ஊர்ப்புறச் சாலைகளோ ஏரிக்கரை, வாய்க்கால்கரை என்று வளைந்து வளைந்து போகின்றன. எனவே ஒரே சாலையில் ஒரே காற்றின் எல்லாப் பாகைகளையும் அனுபவிக்கும் வாய்ப்பு உண்டு.

கடலோரத்தில் சான்று இன்னும் வலுப்பெறுகிறது. காலையில் நிலத்திலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று, நண்பகல் வாக்கில் கடலிலிருந்து நிலத்துக்குக் கடற்காற்று. மாமல்லபுரத்துக்காரர் ஒருவர் காலையில் திருக்கழுக்குன்றம் நோக்கி மேற்கே கிளம்பினால் எதிரே நிலக்காற்று, நண்பகலுக்குமேல் திரும்பினால் எதிரே கடற்காற்று. இங்கே கோட்பாடு ஒப்புக்கு அன்றி எழுத்துக்கு எழுத்து மெய்யாகிறது. அப்படியானால் திருக்கழுக்குன்றத்துக்காரர் மாமல்லபுரம் போய்த் திரும்பினால் இருவழியும் பின்காற்றாயிற்றே என்று கேட்கப்படும். நியாயமான கேள்வி. அத்தகையோர் இருக்கத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் எங்கும் வாய் திறந்ததில்லை, பேசாத சாட்சியை வைத்து வழக்கை முடிக்க முடியாது.

வைக்கோல் ஏற்றிய டிராக்டர் டிரெய்லருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் காற்றே தெரியாது என்பது மற்றோர் எதிர்வாதம். உண்மை, காற்று தெரியாது. சாலையும் தெரியாது, சாலையிலுள்ள குழியும் தெரியாது. புல்லுக்கட்டு கட்டிய ஹெர்குலிஸ் சைக்கிளில் வரப்போரம் போகும் பெரியவர் காற்றைப்பற்றிக் குறை சொல்வதில்லையே என்பாரும் உளர். காற்று மிகுந்தால் அவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார், அதை ஒரு தோல்வியாகவே கருதுவதில்லை. ஒட்டிப்பிடிக்கும் சட்டையும் குனிந்த ஹேண்டில்பாருமாக வந்தவருக்கு அந்த உரிமை கிடையாது.

ஏற்றத்தை மறந்துவிட்டீர்களே, அதுவன்றோ பெரும்பகை எனின், ஏற்றம் கண்ணுக்குத் தெரியும், உச்சி என்று ஒன்று அதற்கு உண்டு, வரைபடத்தில் நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் இருக்கும். காற்றுக்கு இவை எதுவும் இல்லை. மேடு அதிகம் இல்லாத நாட்டினர் இதை நன்கு அறிவர். நெதர்லாந்தின் ஸேலாந்து மாகாணத்தில் ஓஸ்டர்ஸ்கெல்டே கடல்தடுப்பின்மீது 8.5 கிலோமீட்டர் எதிர்க்காற்றுப் பந்தயத்தை 2013இல் தொடங்கினார்கள். கியர் இல்லாத, நிமிர்ந்து உட்காரும் சாதாரணச் சைக்கிள்தான் அனுமதி. பியூஃபோர்ட் அளவையில் 7, அதாவது மணிக்கு 50 கிலோமீட்டரைத் தொடும் காற்று வந்தால்தான் பந்தயம். அதனால் தேதியைச் சில நாள் முன்னால்தான் அறிவிப்பார்கள். நம் கோட்பாட்டை ஒரு நாடே கொடி கட்டி ஒப்புக்கொண்டது என்றுதான் இதைக் கொள்ள வேண்டும்.

ஆகவே ஆனியிலும் ஆடியிலும் பல்லடத்திலிருந்து சைக்கிள் எடுப்போர்க்கு ஒரு சொல். காற்று எழும்புமுன், காலை ஆறு மணிக்குள், மேற்கே கிளம்புங்கள். வெயில் ஏறிக் காற்றும் வலுத்தபின் திரும்பினால் அது முதுகுப்பக்கம் இருக்கும், உங்களுக்குத் தெரியாவிட்டாலும். கிழக்கே கிளம்பித்தான் ஆக வேண்டுமென்றால் திரும்பிவர டெம்போ வாடகை கையில் இருக்கட்டும், சைக்கிளுக்குத் தனியாகக் கேட்பார்கள்.