மாடியில் ஒரு போர்ஷன்

கேள்வி: கையில் 12 லட்சம் இருக்கிறது. கடன் போட்டு ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டால், உட்கார்ந்த இடத்தில் வருமானம் வருமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: வரும். ஆனால் நீங்கள் உட்காருவதற்குப் பல வருடம் ஆகும்! கணக்குப் போடுங்கள். 60 லட்சம் ரூபாய் ஃபிளாட்டுக்கு மாத வாடகை 15,000 என்றால், வருடத்துக்கு 3 சதவீதம்தான். மீதி 48 லட்சத்தை 8.5 சதவீத வட்டிக்கு 20 வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 41,700. குடியிருப்பவர் தருவது போக 26,700 ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்து போகும். பத்திரச் செலவு, பராமரிப்பு, வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் தனி.

சொந்த வீடு இருந்து, அஸ்திவாரம் தாங்கும் என்று இன்ஜினீயர் சொன்னால், முறைப்படி அனுமதி வாங்கி மாடியில் ஒரு போர்ஷன் கட்டுங்கள். மனைக்குத் தனிக் காசு இல்லை. கடன் சிறிது, வாடகை சீக்கிரம் கையில் நிற்கும்.

வெளியில்தான் வாங்குவதென்றால் தாய்ப்பத்திரம், பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று மூன்றையும் வக்கீலிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வில்லங்கம் பார்க்காமல் வாங்கினால், வில்லங்கத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள்.