ஊத்தியாச்சு அங்கிள்

கிள்ளானின் பண்டமாரானில் ஒரு பட்டறையில் வண்டியை சர்வீசுக்கு விட்டுவிட்டு, எதிர்க்கடையில் தே ஓ குடித்துத் திரும்பினால் பில் தயாராக இருந்தது. எஞ்சின் எண்ணெய், ஃபில்டர், கூலி. அதற்குக் கீழே கோணல் கையெழுத்தில் 'டீசல் டிரீட்மென்ட், 48 ரிங்கிட்'. நான் கேட்கவில்லை. என்னையும் யாரும் கேட்கவில்லை.

"தம்பி, இது என்னா?"

"ஊத்தியாச்சு அங்கிள்."

"எதுக்கு ஊத்துன?"

"வண்டிக்கு நல்லது அங்கிள். எல்லா கஸ்டமரும் கேக்குறாங்க லா."

இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன வாதாட முடியும்? டயரை மாற்றியிருந்தால் பழையதைப் போடச் சொல்லலாம். டாங்கிக்குள் போனதை எந்த அகப்பையால் அள்ளுவது? காசைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, நடை கொஞ்சம் முரடாக இருக்கும்.

டீசலில் பாட்டில் மருந்து ஊற்றுகிற இந்தப் பழக்கம் தெரியாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஹைலக்ஸின் பின்சீட்டுக்கு அடியிலும் பாதி தீர்ந்த பாட்டில் ஒன்று உருண்டுகொண்டுதான் இருக்கிறது. டிரைட்டன்காரர் வீட்டில் மூன்று இருக்கும், மூன்றும் வேறு வேறு நிறம். பசார் மாலாமில் ஒரு கட்டு கங்கோங்குக்கு 50 காசு பேரம் பேசுகிற அதே கைதான், சிவப்பு பாட்டிலை விலை கேட்காமல் எடுக்கிறது. ஆகவே, எந்த பாட்டில் காசுக்கு ஏற்றது, எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது என்று கிள்ளான் வட்டாரப் பிக்கப் குலத்துக்கு ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். சொல்கிறேன். அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு.

2024 ஜூன் 10ஆம் தேதி வரைக்கும் நாமெல்லாம் வேதியியல் படிக்காத நல்லவர்களாகத்தான் இருந்தோம். டீசல் லிட்டர் 2 ரிங்கிட் 15 காசு. எண்ணெய் நிலையத்தில் 'ஃபுல்' என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்ப்போம். அன்று தீபகற்பத்தில் உதவித்தொகை விலை போய், லிட்டர் 3 ரிங்கிட் 35 காசு ஆனது. சபா, சரவாக், லாபுவான் மக்களுக்குப் பழைய விலை. நமக்கு அரசாங்கத்தின் புடி மடானி உதவி, அப்போது மாதம் 200 ரிங்கிட், அதுவும் தகுதி இருந்தால். அந்த 200 ரிங்கிட்டை ஏறிய 1 ரிங்கிட் 20 காசால் வகுத்தால் 166 லிட்டர் சொச்சம், அதாவது ஹைலக்ஸுக்கு இரண்டு டாங்கி. மூன்றாவது டாங்கியில் ஆள் ஞானி ஆகிவிடுகிறார். ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறார். 'சீட்டேன்' என்ற சொல்லை மனைவி முன்னாலேயே பயன்படுத்துகிறார்.

இப்போது அந்த 48 ரிங்கிட். 80 லிட்டர் டாங்கியை அன்றைய 3.35 விலையில் நிரப்பினால் 268 ரிங்கிட். பாட்டில் தன் காசைத் தானே சம்பாதிக்க வேண்டுமென்றால் வண்டி கிட்டத்தட்ட 18 விழுக்காடு கூடுதல் தூரம் ஓடியாக வேண்டும். லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி 13 கொடுக்க வேண்டும். அதுவும் லாபத்துக்கு அல்ல, முதலைத் திருப்பி எடுக்க மட்டும். டீசல் விலை இறங்கினால் நிம்மதி என்று நினைக்காதீர்கள். பாட்டில் விலை இறங்காததால் கணக்கு இன்னும் மோசமாகும். 18 விழுக்காட்டை ஒரு பாட்டிலில் அடைக்க முடியுமென்றால், கோடி கோடியாகக் கொட்டி எஞ்சின் வடிவமைக்கிற ஜப்பான்காரன் அதை ஏன் ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்கு விட்டுவைத்தான்?

பாட்டில்களுக்கு வருவோம். பட்டறையில் காலி பாட்டிலைக் கேட்டு வாங்கிவந்தேன், 48 ரிங்கிட்டுக்கு அதுவாவது மிஞ்சட்டும் என்று. லேபிளில் முதல் வரி என்ன தெரியுமா? டீசல் உறையாமல் காக்கும். மைனஸ் 30 டிகிரி வரை.

மைனஸ் 30. பண்டமாரானில்.

விடிய விடிய மழை கொட்டி ஓய்ந்த காலையிலும் இங்கே 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பகலில் ரஜா மூடா மூசா சாலையில் கொள்கலன் லோரிகளுக்குப் பின்னால் துறைமுகம் வரைக்கும் ஊர்ந்து பாருங்கள், உறைவது யார் உருகுவது யார் என்று தெரியும். என் டீசல் உறைகிற நாள் வந்தால் எனக்கு டீசலைப் பற்றிக் கவலையே இருக்காது. அன்று கிள்ளான் ஆற்றின் மேல் நடந்தே பழைய டவுனிலிருந்து புது டவுனுக்குப் போய்விடலாம். பாலத்தில் நெரிசல் தீரும். வெஸ்ட்போர்ட்ஸில் கப்பல்கள் அப்படியே நிற்கும். தெங்கு கிளானா சாலையில் பூக்கடைக்காரம்மா கம்பளி போர்த்திக்கொண்டு முல்லைச் சரத்தை உடைத்து உடைத்து விற்பார். பாக் குட் தே சட்டியில் கரண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஐஸ் காச்சாங் விற்பவர் தொழிலை விட்டுவிட்டு வெந்நீர் விற்பார். தைப்பூசத்துக்குக் காவடிக்காரர்கள் காலுறை போடலாமா கூடாதா என்று கோயில் நிர்வாகத்தில் இரண்டு அணி பிரியும். இத்தனைக்கும் நடுவே, பண்டமாரானில் ஒரே ஒரு வண்டி மட்டும் முதல் சாவியிலேயே கிளம்பும். என் வண்டி. ஊரே பனியில் புதைந்து கிடக்கும்போது நான் மட்டும் எங்கே போவேன்? பட்டறைக்குத்தான். அந்தத் தம்பிக்கு நன்றி சொல்ல.

நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கடிதம் போடுவீர்கள். டீசலில் மெழுகு உண்டு. குளிரில் அது திரண்டு ஃபில்டரை அடைக்கும் என்பது உண்மை. நம் டீசலில் கலக்கிற செம்பனை எண்ணெய் டீசலுக்கோ குளிர் இன்னும் ஆகாது. பதினைந்து டிகிரி வாக்கிலேயே கலங்க ஆரம்பித்துவிடும். அதனால்தான் 2019இல் பத்து விழுக்காடு செம்பனை டீசல் கலந்த பி10 வந்தபோது கேமரன், கெந்திங் போன்ற மலைப் பகுதிகளை ஏழு விழுக்காட்டுப் பி7இலேயே விட்டுவைத்தார்கள். நான் கெந்திங் போவதில்லை. போய் உறைந்தவர்களைவிட, போய்க் கசினோவில் உருவியெடுக்கப்பட்டவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம்.

லேபிளின் இரண்டாவது வரி சீட்டேனை, அதாவது டீசல் பற்றிக்கொள்ளும் சுறுசுறுப்பை, உயர்த்தும் என்கிறது. மூன்றாவது வரி, பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் வழுவழுப்புத் தரும் என்கிறது. இங்கேதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. 2021 ஏப்ரலிலிருந்து நமக்குக் கிடைப்பது யூரோ 5 டீசல். கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். கந்தகத்தைச் சுத்தமாக எடுக்கும்போது டீசலின் இயல்பான வழுவழுப்பும் குறைந்துபோகும் என்பது சரி. ஆனால் அதைத் திருப்பிக் கொடுப்பதில் செம்பனை டீசலை மிஞ்ச ஆளில்லை. ஒன்றிரண்டு விழுக்காடு கலந்தாலே போதும், நாமோ பத்து விழுக்காடு கலக்கிறோம். சீட்டேனிலும் செம்பனை டீசல் சாதாரண டீசலைவிட உசத்தி. நம் பாட்டன் பால்மரம் வெட்டிய தோட்டங்களை அழித்துச் செம்பனை நட்டார்கள். அந்தச் செம்பனை இன்று பந்திங்கிலிருந்தும் காப்பாரிலிருந்தும் எண்ணெயாகி, டீசலாகி, கேட்காமலேயே என் டாங்கிக்குள் வருகிறது. அதே காரியத்தைச் செய்ய இன்னொரு திரவத்தைக் கப்பலில் வரவழைத்து, அதையும் கேட்காமலேயே ஊற்றுகிறான் தம்பி. இது போக, பெட்ரோனாஸ், ஷெல், கால்டெக்ஸ் எல்லாரும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்கிற மருந்தைத் தாங்களே கலந்துதான் விற்கிறார்கள். கலவைக்கு மேல் கலவை. என் டாங்கியில் டீசலுக்கு இடம் இருக்கிறதா என்றே சந்தேகம் வருகிறது.

"ஆனா அண்ணே, எனக்கு வேலை செஞ்சிச்சி" என்பார் ஒருவர். எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் உண்டு. அவர் பரிசோதனை இப்படி நடக்கும். பாட்டில் ஊற்றாத டாங்கி: திங்கள் முதல் வெள்ளி, கூட்டரசு நெடுஞ்சாலை, காலை ஏழு மணி, பக்கத்து வண்டிக்காரர் சவரம் செய்து முடிக்கிற வேகம். பாட்டில் ஊற்றிய டாங்கி: ஞாயிறு, ஈப்போ, காலி நெடுஞ்சாலை, மீட்டரையே பார்த்துக்கொண்டு 90ஐத் தாண்டாத கால். இரண்டையும் ஒப்பிட்டு, "பாத்தீங்களா, லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் கூட!" என்கிறார். கூடத்தானே செய்யும். மருந்து டாங்கிக்குப் போகவில்லை, அவர் வலது காலுக்குப் போயிருக்கிறது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, எரிபொருள் மிச்சம் பிடிக்கும் என்று விற்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களையும் சரக்குகளையும் ஆய்வு செய்து பார்த்தது. சொல்லும்படியான மிச்சம் கிட்டத்தட்ட எதிலும் இல்லை. அந்த முகமைக்கு ஈப்போவில் சொந்தக்காரர்கள் இல்லை போலிருக்கிறது.

"கணக்கெல்லாம் விடுங்க, வண்டி லேசா போகுது" என்பவரிடம் நான் வாதாடுவதே இல்லை. லேசாகத்தான் போகும், பர்ஸ் லேசாகிவிட்டதல்லவா. பிக்கப்பின் பின்னால் பாரம் ஏற்றி நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? ஒரு டன் தாங்கும் வண்டி. என் வண்டி சுமந்த அதிகபட்ச பாரம், மனைவி சுங்கை பூலோவிலிருந்து வாங்கிவந்த பூச்சட்டிகள்.

எந்த பாட்டில் என்று சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? சொல்ல வந்தேன், அதற்குள் தண்ணீர் குறுக்கே வந்துவிட்டது. நம் ஊர் ஈரக்காற்றில் டாங்கிக்குள் தண்ணீர் சேரும். செம்பனை டீசல் ஈரத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே இழுக்கும். 2,000 பார் அழுத்தத்தில் வேலை செய்கிற இன்ஜெக்டருக்கு அந்தத் தண்ணீர்தான் எமன். ஒரு இன்ஜெக்டர் போனால் எத்தனை ரிங்கிட் என்று போனவரைக் கேளுங்கள், ஐந்து நிமிடம் பேசமாட்டார். இதற்கும் பாட்டில் உண்டு, ஆனால் இரண்டு சாதி. ஒன்று தண்ணீரைப் பிரித்து அடியில் இறக்கும், மற்றது டீசலோடு கலந்து எஞ்சினுக்குள்ளேயே அனுப்பிவிடும். எது எந்தச் சாதி என்று பல லேபிள்களில் இருக்காது. மைனஸ் 30 மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும். டீசல் ஃபில்டருக்கு அடியிலே தண்ணீரை வடிக்க ஒரு திருகு கொடுத்திருக்கிறான் வண்டி செய்தவன். அதைத் திறந்து வடிக்கக் காசு கேட்க மாட்டான். வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கிற தூரத்தில் ஃபில்டரையும் மாற்றி, டயர் காற்றையும் பார்த்துவிட்டால் நான் அறிந்த சிக்கனம் முடிந்தது.

இதற்கு மேலும் ஊற்றியே தீருவேன் என்பவர்கள் ஊற்றுங்கள், டாங்கி உங்களுடையது. ஊற்றிய பிறகு வண்டி பறக்கிறது என்று தோன்றினால் தயவுசெய்து கல்யாண டின்னரில் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார வேண்டாம்.