எலி எண்ணிய ஆக்ஸ்ஃபோர்டு

1932இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ‘விலங்குத் தொகைப் பணியகம்’ என்றொரு கடையைத் திறந்தார்கள். பெயரென்னவோ மந்திரிசபைத் துறை மாதிரி. செய்தது பெரும்பாலும் எலி எண்ணும் வேலை.

முதலாளி சார்லஸ் எல்ட்டன். அவருக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது 1923இல். ஆர்க்டிக் பயணம் முடிந்து திரும்பும் வழியில், நார்வேயின் ட்ரோம்சோ ஊரில், அந்நாட்டுப் பாலூட்டிகளைப் பற்றிய ஒரு புத்தகத்தை வாங்கினார். நார்வே மொழி தெரியாது. தெரியாத மொழிப் புத்தகத்தை வாங்கி அலமாரியில் அழகுக்கு வைப்பவர்கள் நம்மூரிலும் உண்டு. இந்த மனிதரோ அகராதியை வைத்துக்கொண்டு படித்தே விட்டார். லெம்மிங் என்னும் கொறிக்கும் பிராணி மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகி வழிவதும் பிறகு காணாமல் போவதும் அதில் இருந்தன. 1924இல் அதையே கட்டுரையாக்கினார்.

எலிக்கு யார் பணம் தருவார்கள்? கனடாவில் தோல் வியாபாரம் செய்த ஹட்சன் விரிகுடா கம்பெனி எல்ட்டனை ஆலோசகராக வைத்துக்கொண்டது. 1670இல் பிறந்த கம்பெனி. எந்த ஆண்டு எத்தனை லின்க்ஸ் பூனைத் தோல் வந்தது என்று குமாஸ்தாக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேரேட்டில் எழுதியிருந்தார்கள். எல்ட்டன் புரட்டிப் பார்த்தால், ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை பூனைகள் ஏறி இறங்குகின்றன! இன்று சூழலியல் பாடநூல்களில் கம்பீரமாக நெளியும் அந்த அலைக்கோடு, செத்த பூனைகளின் வரவுக் கணக்கு. குமாஸ்தாக்களுக்கு யாரும் டாக்டர் பட்டம் தரவில்லை.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. எலி தானியத்தைத் தின்கிறது. நாட்டில் எலி தெரிந்தவர்கள் யார் என்று தேடினால் இவர்கள்தாம். எலி புதிதாக எதைக் கண்டாலும் சந்தேகப்படும் ஜென்மம். ஆகவே முதல் சில நாட்கள் விஷமில்லாத தீனி வைத்து, நம்பிக்கை பிறந்த பிறகு விஷத்தைக் கலக்க வேண்டும். இதைப் பணியகத்தார் முறையாகச் சோதித்துச் செம்மைப்படுத்தினார்கள். ஊரே ரேஷன் அட்டையோடு வரிசையில் நிற்க, அறிஞர்கள் எலிகளுக்குப் பந்தி விரித்துக்கொண்டிருந்தார்கள். (தேர்தல் காலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

அங்கேயே பி. எச். லெஸ்லி என்பவர் எந்த வயதில் எத்தனை பிறக்கும், எத்தனை பிழைக்கும் என்பதை அணிக் கணக்காக மாற்றி 1945இல் வெளியிட்டார். பிளஸ் டூவில் ‘மேட்ரிக்ஸ் எதற்கு சார்?’ என்று கேட்டு அடி வாங்கியவர்களே, விடை இதோ: எலிக்கு. இன்று மீனுக்கும் ஆமைக்கும் அதே கணக்குத்தான்.

1967இல் எல்ட்டன் ஓய்வு பெற்றார். பல்கலைக்கழகம் மாலை மரியாதையோடு நிறுத்தாமல் பணியகத்தையும் சேர்த்தே இழுத்து மூடியது. ஆரம்பக் கேள்வி மட்டும் அப்படியே கிடந்தது: இந்தக் கூட்டம் ஏன் பெருகுகிறது, ஏன் சரிகிறது?

1935இல் அங்கே சேர்ந்த டென்னிஸ் சிட்டி, நோய்தான் காரணமா என்று பார்த்தார்; சரிவரவில்லை. வேறு விளக்கங்களும் சொல்லிப் பார்த்தார். கடைசியில் 1996இல், லெம்மிங்குகள் தற்கொலை செய்துகொள்கின்றனவா என்ற தலைப்பில் ஒரு புத்தகம் போட்டார். துணைத்தலைப்பு, ‘அழகான கருதுகோள்களும் அசிங்கமான உண்மைகளும்’. அழகானவற்றை மனிதர்கள் கொடுத்தார்கள். மற்றவை எலிகளின் உபயம்.