ஸ்ட்ராபெர்ரி வேடம் கட்டிய மல்லாட்டை

திண்டிவனத்தில் மாறுவேடப் போட்டி என்றால் என்ன நடக்கும் தெரியுமா? தாத்தா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். அப்பா மரக்காணம் ரோட்டில் தர்பூசணி லோடு ஏற்றுகிறவர். அந்த வீட்டுப் பிள்ளை, வயது நான்கு, வாடகை வெல்வெட்டுக்குள் வேர்த்து ஒழுக மேடையில் நிற்கும். தலையில் பச்சை சார்ட் பேப்பர். "ஐ ஆம் ஸ்ட்ராபெர்ரி. ஐ ஆம் ரெட் அண்ட் ஜூஸி." ஸ்ட்ராபெர்ரியை அது ஐஸ்கிரீம் டப்பாவின் மேல் படமாகத்தான் பார்த்திருக்கும். மூன்றாவது வரி மறந்துபோகும். ஓரத்தில் நின்று மிஸ் வாயசைப்பார். பிள்ளை மிஸ்ஸைப் பார்க்கும், அம்மா செல்போனைப் பார்ப்பார், சிறப்பு விருந்தினர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

மல்லாட்டையாக வரச் சொல்லியிருந்தால், செடியைப் பிடுங்கும்போது எத்தனை காய் தொங்கும், பிஞ்சு எப்படி இனிக்கும், காக்காயை யார் விரட்டுவது என்று அரைமணி நேரம் நிறுத்தாமல் பேசியிருக்கும். ஆபத்தே அதுதான். பிள்ளை பேசிவிடும்.

நம் தாளாளர்கள் வாழ்க! நாடகத்தில் இருந்த ஒரே தொல்லை, பிள்ளைகள் வாய் திறப்பது. அதையும் நீக்கிவிட்டார்கள். ஆண்டு விழாவில் வசனம் ஸ்பீக்கரில் ஓடுகிறது, பிள்ளை வாயை மட்டும் அசைக்கிறது. டிரெஸ்ஸுக்குத் தனிக் காசு, மேக்கப்புக்குத் தனிக் காசு, வீடியோவுக்குத் தனிக் காசு. சிவத்த பிள்ளைக்கு ராணி வேடம், கறுத்த பிள்ளைக்கு அரக்கன் வேடம், பீஸ் பாக்கி வைத்த பிள்ளைக்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டும் வேடம். ஒத்திகைக்காகக் கணக்குப் பீரியடில் யாரும் கை வைப்பதில்லை. பி.டி. பீரியடைத்தான் தின்கிறார்கள். விளையாட்டைத் திருடி நாடகம் போடுகிற பெருமை, உலகத்திலேயே நமக்கு மட்டும்தான் இருக்கும்.

இன்டர்வெல்லில் இதே பிள்ளை வேப்பமரத்தடியில் என்ன செய்கிறது என்று போய்ப் பாருங்கள். ஒரு குச்சியை எடுத்துச் சுவரைத் தட்டுகிறது. "வாயில விரல வை! உங்கப்பா எப்ப பீஸ் கட்டுவாரு?" முன்னால் மூன்று பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருக்கின்றன. மிஸ்ஸின் குரல், மிஸ்ஸின் இடுப்புக் கை, மிஸ் மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிடும் விதம், ஒன்று தப்பவில்லை. அந்தப் பள்ளியில் அந்த வருடம் நடந்த ஒரே நல்ல நாடகம் அது. அதற்குப் பரிசாக முட்டிபோட வைப்பார்கள். பேரன்ட்ஸ் மீட்டிங்கில், "ரொம்ப வாலுங்க உங்க பொண்ணு" என்று ஒரு விமர்சனமும் கிடைக்கும்.

இத்தனைக்கும் நாம் இருப்பது கூத்து மண். செஞ்சிப் பக்கம் மேலச்சேரியைத் திரௌபதி அம்மனின் ஆதிக் கோயிலாகக் கும்பிடுகிற வட்டாரம். பாரதக் கூத்து வைத்தால் விடிய விடிய நடக்கும். கடைசியில் துரியோதனனை மண்ணால் மலைபோலப் படுக்க வைத்துப் படுகளம் கண்டுதான் திருவிழா முடியும். மறுநாளே தெருப் பிள்ளைகள் அட்டையில் கிரீடம் வெட்டிக்கொண்டு பீமனாகி ஒருவரை ஒருவர் புரட்டுவார்கள். அவர்களுக்கு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தது யார்? ராஜா திரைக்குப் பின்னால் நின்று பிரதாபம் பாடி முடித்து முகம் காட்டியதும், கூத்துக் கோமாளியான கட்டியக்காரன் கேட்கிற கேள்வி இருக்கிறதே, "யாருய்யா நீ? எந்த ஊரு?" என்று, அதில்தான் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ராஜாவை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கலாம் என்று அந்த ராத்திரியில் ஒரு பாடம் ஏறிவிடுகிறது. அதே கட்டியக்காரனை ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் பாருங்கள். பிரேயர் முடிவதற்குள் டி.சி. கையில் இருக்கும்.

நாடகத்தால் பயன் இல்லை என்று நினைத்துத்தான் பள்ளிகள் அதை ஒதுக்குகின்றன என்று நான் நம்பவில்லை. பயன் என்ன என்று நன்றாகத் தெரிந்துதான் ஒதுக்குகின்றன. தானே ராஜா வேடம் கட்டிப் பார்த்த பிள்ளைக்குத் தாளாளரின் கோட்டும் வேடம்தான் என்று தெரிந்துபோகும்.

அரசியல்வாதிகளுக்கும் இது தெரியும். அவர்களை விடவா? அண்ணா நாடகம் எழுதினார், நடித்தார். கலைஞர் எழுதினார், நடித்தார். எம்.ஜி.ஆர். பாய்ஸ் நாடகக் கம்பெனியில் வளர்ந்த பிள்ளை. மேடையிலிருந்து கோட்டைக்கு நடந்துபோனவர்கள் ஆண்ட மாநிலம் இது. அரசுப் பள்ளியில் நாடக ஆசிரியர் பணியிடம் எத்தனை என்று ஒரு மனு போட்டுக் கேளுங்கள். தாங்கள் ஏறி வந்த ஏணியை எடுத்து மியூசியத்தில் வைத்துவிட்டார்கள். 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் வகுப்புக்குள் பொம்மலாட்டத்துக்கு ஒரு மூலை ஒதுக்கினார்கள், நல்லது. ஆனால் டீச்சர் பொம்மையைக் கையில் மாட்டுகிற நேரத்தில் கல்வித் துறையின் எமிஸ் ஆப்பில் ஏதோ ஏற்றச் சொல்லி மெசேஜ் வருகிறது. பொம்மை மூலையில் கிடக்கிறது. ஆட்டம் மட்டும் நடக்கிறது, நூல் மேலிருந்து.

புதுச்சேரி பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் வேலு சரவணன் இருக்கிறார். 'ஆழி' குழுவை வைத்துக்கொண்டு குழந்தைகள் நாடகமே வாழ்க்கை என்று இருக்கிற மனிதர். 'கடல் பூதம்' போடும்போது பார்க்கிற பிள்ளைகளும் சேர்ந்து கத்துவார்கள். நம் பள்ளிகளில் இப்படி ஒருவரை அழைக்கலாமே என்றால் முதல் கேள்வி, "எத்தனை பீரியட் போகும் சார்?" குஜராத்தில் கல்வியாளர் கிஜுபாய் பதேகா இந்தக் கேள்வியை 1930களிலேயே சந்தித்து, 'பகல் கனவு' என்று புத்தகமே எழுதிவிட்டுப் போனார். இங்கிலாந்தில் டோரதி ஹீத்கோட் என்ற அம்மாள் பதினான்கு வயதில் மில் வேலைக்குப் போனவர். பின்னாளில் நாடகத்தை வைத்துப் பாடம் நடத்தி உலகுக்கே காட்டினார். அவருடைய முறையில் ஆசிரியரும் ஒரு வேடம் கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு இறங்குவார், பல நேரம் ஒன்றும் தெரியாதவராக. பிள்ளைகள்தான் அவருக்கு வழி சொல்ல வேண்டும். நம் ஊரில் தலைகீழ். எல்லாம் தெரிந்தவராக நடிப்பதற்கே சம்பளம் சரியாகப் போய்விடுகிறது.

விதிவிலக்கும் உண்டு. பக்கத்து மரக்காணத்தில், முதலியார்குப்பத்தில், 2021 அக்டோபர் 27 அன்று முதலமைச்சர் வந்து 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கிவைத்தார். கலைக்குழுக்கள் பறையடித்து, ஆடி, ஊர் ஊராகப் பிள்ளைகளைக் கூட்டின. சாயங்காலத்தில் திண்ணையிலும் கோயில் வாசலிலும் கதையும் பாட்டும் நடிப்புமாகச் சொல்லிக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள். மாதம் ஆயிரம் ரூபாய். நாளுக்கு முப்பத்து மூன்று ரூபாய்ச் சொச்சம். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பரோட்டா செட்டோடு கணக்கு முடிந்தது. அதையும் தன்னார்வம் என்று அழைத்தோம், மனசாட்சிக்குக் கூடுதல் செலவு வராமல்.

இதுவரை சிரித்தீர்களானால் போதும்.

2025 ஜனவரி 3. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே விக்கிரவாண்டியில், ஒரு தனியார் பள்ளியில், எல்கேஜி படித்த சிறுமி கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தாள். தொட்டியின் மூடி துருப்பிடித்துக் கிடந்தது. தாளாளர், முதல்வர், ஆசிரியை கைதானார்கள், டிவி விவாதம் நடந்தது, சுற்றறிக்கை போனது. நான்கு வயதுப் பிள்ளை ஓடும், ஏறும், குதிக்கும். அதற்குத்தான் அந்த வயது. ஒரு பள்ளிக்கூடம் அதற்குக் கொடுக்க வேண்டிய முதல் மேடை, உடைந்துபோகாத தரை. எல்.இ.டி. சுவருக்கும் புகை மெஷினுக்கும் காசு எடுக்கத் தெரிந்த இந்தத் தொழிலுக்கு, இரும்புத் தகட்டுக்குக் காசு எடுக்க வரவில்லை.

வரும் ஆண்டு விழாவுக்கு ஆறு மணி என்று அழைப்பிதழ் வந்தால் நாலு மணிக்கே போங்கள். சீரியல் லைட் எரிவதற்கு முன்னால் மேடையின் பின்பக்கம் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். தொட்டி எங்கே, மூடி எது, எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். "நீங்க எந்தப் பிள்ளையோட பேரன்ட்?" என்பார்கள். எந்தப் பிள்ளையின் பேரன்ட் கேட்டால் பதில் சொல்வீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.