மீனுக்குச் சுற்றறிக்கை இல்லை

நிலாக்காலத்தில் மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் வாவி மீன் பாடுமாம். எந்த மொழியில் பாடவேண்டும் என்று இதுவரை எந்த அரசும் அதற்குச் சுற்றறிக்கை அனுப்பவில்லை. கொடுத்துவைத்த மீன்.

நமக்கு அப்படியா? தேசிய கீதத்தின் தொடக்கச் சொற்கள் ராசியில்லை என்று 1961இல் மாற்றினார்கள். 1972இல் ‘சிலோன்’ ‘ஸ்ரீலங்கா’ ஆயிற்று; தமிழில் முன்பும் இலங்கை, இப்போதும் இலங்கை (நமக்குப் பெயர்ப்பலகைச் செலவு மிச்சம்). சுதந்திர தின விழாவில் 2016இல் கீதத்தைத் தமிழிலும் பாடினார்கள். 2020இல் பாடவில்லை. நான்கே வருடத்தில் நாட்டுப்பற்றுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

இதற்கிடையில் குடிசன மதிப்பீட்டுக்காரர் வருவார். ஆரையம்பதியில் ‘இலங்கைத் தமிழர்’ என்று எழுதுவார். நாலு எட்டு வைத்துக் காத்தான்குடிக்குப் போனால் ‘இலங்கைச் சோனகர்’. இரண்டு ஊரிலும் பேச்சு தமிழ், குடி தாய்வழி, கல்யாணம் முடித்த மாப்பிள்ளை போவது பெண் வீட்டுக்கு. படிவத்தில் ‘மாமியார் வீட்டில் வசிப்பவர்’ என்றொரு கட்டம் இருந்தால், வாவிக்கரை முழுவதும் ஒரே இனம்!