கெண்டைக்குக் கடல் கடக்கலாமா?

கேள்வி: நானும் நண்பனும் பிரான்ஸ் போய்க் கெண்டைக்குத் தூண்டில் போடப் போகிறோம். பிடித்ததைத் திரும்ப விட்டுவிட வேண்டுமாம். பிறகு எதற்கு அவ்வளவு தூரம்?
(ஒரு வாசகர், வித்துரா)

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். மீன் குழம்புக்கு வராது, கணக்குக்கு வரும். அதற்குச் சான்று நம் காவிரியிலேயே இருக்கிறது. கெண்டைக் குடும்பத்து ராட்சதனான கூன்முதுகு மகசீர் காவிரிக்கும் அதன் கிளையாறுகளுக்கும் மட்டுமே உரியது. அதற்கு அறிவியல் பெயர் தந்த மாதிரி மீன் கிடைத்ததோ உங்கள் கேரளத்துப் பாம்பாற்றில். கர்நாடகத்தின் காலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை தூண்டில்காரர்கள் பிடித்து விட்ட மீன்களைக் குறித்துவைத்தார்கள். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மகசீர் பெருகியதும், மண்ணின் மகசீர் அருகியதும் அந்த ஏடுகளில்தான் தெரிந்தன. 2018-இல் கூன்முதுகு மகசீர் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது.

‘விளையாட்டுக்காக ஓர் உயிரைக் குத்துவது கொடுமையில்லையா?’ என்பீர்கள். நியாயமான கேள்விதான்; மீனுக்கு நோவில்லை என்று வாதாட மாட்டேன். ஆனால் வெடி வைப்பவனும் நஞ்சு கலப்பவனும் குஞ்சைக்கூட விடுவதில்லை. முள்ளில் எதிர்க்கொக்கி இல்லாமல், கையை நனைத்து, ஈரமான மெத்தையில் கிடத்தி, நொடிகளில் நீரில் விடுவது கற்க வேண்டிய ஒழுக்கம். அதைக் கற்று வாருங்கள். ஆனால் பக்கத்திலுள்ள பேப்பாறையில் அதைப் பயின்று பார்க்காதீர்கள். அது வனவிலங்கு சரணாலயம்.